திங்கட்கிழமை மாலை ஒரு அறையைத் திறந்து வையுங்கள்

சேலம் மாநகரத்திலும் சேர்வராயன் மலையிலும் உள்ள திருச்சபைகளின் ஆயர்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், குருசேகரக் குழுக்களுக்கும், பங்குப் பேரவைகளுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

ஆராதனை முடிந்த கையோடு, பேச்சுவார்த்தை அற்றுப்போன இருவரைப் பலிபீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு, கையோடு கை சேர்த்துவைத்து, ஒரு ஜெபம் ஏறெடுத்து, “இதோட முடிஞ்சுது, இனிமே பழசைப் பேசக் கூடாது” என்று அனுப்பிவைக்கும் வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. அதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் எழுதியிருக்கிறோம். குடும்பத் தகராறு, பங்காளித் தகராறு, கடன் தகராறு, கமிட்டித் தகராறு இவற்றில் நடுவில் உட்காருவது எங்கள் வேலை. எங்களில் வக்கீல்களும் உண்டு, ஆற்றுப்படுத்துநர்களும் உண்டு, இரண்டும் இல்லாத மூப்பர்களும் உண்டு.

அந்தக் கைகோர்ப்பு ஏன் நிற்பதில்லை? சண்டைக்குக் காரணமான பொருள் அங்கே பேசப்படுவதே இல்லை. காட்டுக்குப் போகும் வண்டிப் பாதை அடைபட்டபடியே கிடக்கிறது. கைமாற்றாகப் போன பணம் திரும்பவில்லை. பந்தியில் நாலு பேர் முன்னால் விழுந்த வார்த்தை விழுந்த இடத்திலேயே இருக்கிறது. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்போது “எனக்கு இன்னும் மனசு வரலை” என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? அதிலும் மருமகள், கூலிக்கு நிற்பவர், கடன்பட்டவர், வயதில் இளையவர் என்று யார் தாழ்ந்த இடத்தில் நிற்கிறாரோ அவர்தான் முதலில் கையை நீட்ட வேண்டியிருக்கிறது. அடுத்த கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் போதும், முன்பைவிட மோசமாக வெடிக்கிறது. இம்முறை “கோயில்ல வச்சுக் கையைக் கொடுத்துட்டு இப்படிப் பண்ணினாங்க” என்ற புதுக் குற்றமும் சேர்ந்துகொள்கிறது.

கர்த்தர் சொன்ன வரிசை வேறு. “நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து” என்பது மத்தேயு 18-ன் முதல் படி. அது நடக்காவிட்டால் இரண்டொருவர். அதுவும் நடக்காவிட்டால்தான் சபை. நாம் பெரும்பாலும் மூன்றாம் படியில் தொடங்குகிறோம். சில இடங்களில் அதற்கும் முன்பாக வாட்ஸப் குழுவில் தொடங்கிவிடுகிறது. இந்த வசனங்களைச் சபைநீக்கத்துக்கான சட்டமாக மட்டும் எடுத்துப் படிப்பவர்கள், அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். முன்னால் காணாமற்போன ஆட்டைத் தேடிப்போன மனுஷன் இருக்கிறான். பின்னால் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டும் நூறு வெள்ளிப்பணத்துக்கு உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தவன் இருக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. அந்த இரண்டு கதைகளுக்கும் நடுவே வைத்துத்தான் இந்த மூன்று படிகளையும் நடத்த வேண்டும்.

ஏன் திங்கட்கிழமை என்று கேட்பீர்கள். 3-ம் நூற்றாண்டில் சிரியா நாட்டுச் சபைகளுக்காக எழுதப்பட்ட ‘திதஸ்காலியா’ என்ற ஒழுங்கு நூல் கண்காணிகளுக்கு, அதாவது பேராயர்களுக்கு, ஒரு புத்தி சொல்கிறது: விசுவாசிகளின் வழக்குகளைத் திங்கட்கிழமை விசாரியுங்கள், தீர்ப்பில் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் சனிக்கிழமைக்குள் பேசிச் சரிசெய்ய நாள் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சமாதானமாக ஆராதனைக்கு வரலாம். பதினேழு நூற்றாண்டுக்குப் பிறகும் இதைவிட நல்ல கால அட்டவணை எங்களுக்குத் தெரியவில்லை. ஞாயிறு மதியம் எல்லோருக்கும் பசி, பிள்ளைகள் வாசலில் காத்திருக்கிறார்கள், கமிட்டிக் கூட்டம் வேறு இருக்கிறது. சனிக்கிழமை பேசினால் காயம் ஆறுமுன் ஆராதனையில் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். திங்கள் மாலை பேசினால் ஆறு நாள் மிச்சம்.

ஞாயிறுக்கு உரிய அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1950-ல் வகுத்த திருவிருந்து முறையில், சமாதானத்தைக் கைக்குள் கை வைத்து வரிசை வரிசையாகக் கடத்தும் பழைய வழக்கத்தைக் காணிக்கைக்கு முன்னால் மீட்டுக் கொண்டுவந்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன் அது வருகிறது. வேலை முடிந்தபின் வர வேண்டிய அடையாளம் அது. அந்த ஒரு நிமிடத்திலேயே வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் கோளாறு.

இனி, அந்த அறையில் யார் உட்காருவது. மூன்று பேர் போதும். அவர்களில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். இரண்டு பேர் பெண்களாக இருந்தால் இன்னும் நல்லது. குருசேகரக் குழுவிலோ பங்குப் பேரவையிலோ பதவியில் இருப்பவர் வேண்டாம், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவரும் வேண்டாம். இரு தரப்பில் எவருக்கும் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ சம்பந்தியாகவோ இருக்கக் கூடாது. கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டுப் பொறுப்பு கொடுத்து மாற்றிவிடுங்கள். நீண்ட நாள் இருந்தால் அதுவே ஒரு பதவியாகி, அதற்கும் ஒரு கட்சி சேர்ந்துவிடும்.

ஆயரோ பங்குத்தந்தையோ அந்த மூவரில் ஒருவராக இருக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பேச்சு முறிந்தாலும் இரண்டு வீட்டாருக்கும் திருவிருந்து கொடுக்க வேண்டியவர் அவர். இரண்டு வீட்டுச் சாவுக்கும் போக வேண்டியவர் அவர். கத்தோலிக்கக் குருவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைத் திருச்சபைச் சட்டத்தின் 983-ம் விதி எந்த வகையிலும் வெளியிட விடாது. ஒரு தரப்பின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர் அதே விஷயத்தில் நடுவராக உட்கார்ந்தால், தெரிந்ததைத் தெரியாததுபோல் நடத்த வேண்டியிருக்கும். அவரை அந்த நிலையில் நிறுத்துவது நியாயமில்லை.

மலைச் சபைகளில் சொந்தம் இல்லாத மூன்று பேரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்பது தெரியும். மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்குச் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்தோ ஜான்சன்பேட்டையிலிருந்தோ ஆட்கள் வரட்டும், கீழே நடக்கும் தகராறுக்கு மலையிலிருந்து இறங்கி வரட்டும். தென்னிந்தியத் திருச்சபைக்காரரும் கத்தோலிக்கரும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டால் இன்னும் நல்லது. கமிட்டி அரசியல் கலக்காத ஆள் அப்போதுதான் கிடைப்பார்.

முதலில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். கணவன் மனைவி தகராறானால் மனைவியைத் தனியாக, பெண் உறுப்பினர் முன்னிலையில் கேட்டே ஆக வேண்டும். கணவன் பக்கத்து அறையில்கூட இருக்கக் கூடாது. கேட்க வேண்டியவை மூன்று: என்ன நடந்தது (நாள், இடம், சொன்ன வார்த்தை சொன்னபடி), அதில் எது குத்துகிறது, என்ன நடந்தால் போதும். மூன்றாவது கேள்விக்குப் பலரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். “அவன் திருந்தணும்” என்பது பதில் அல்ல. திருந்தினால் என்ன மாற்றம் கண்ணுக்குத் தெரியும் என்று மறுபடியும் கேளுங்கள். “என் மகன் கல்யாணத்துக்கு வந்து முன் வரிசையில உக்காரணும்” என்றோ, “கிணத்து மோட்டாரை என் முறை நாள்ல நிறுத்தக் கூடாது” என்றோ வரும். அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது.

அந்தத் தனிச் சந்திப்பிலேயே, நடுவில் உட்காரக் கூடாத விஷயங்களைப் பிரித்துவிட வேண்டும். அடி, உதை, கொலை மிரட்டல் இருக்கும் வீட்டில் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால், அடிபட்ட பெண் அங்கே சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் இரவு வீட்டில் பதில் வாங்குவாள். அங்கே சபையின் வேலை பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். “பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு” என்று அவளைத் திருப்பி அனுப்புகிற மூப்பர் அடுத்த அடிக்குப் பங்காளி ஆகிறார். முதிய பெற்றோரைச் சொத்துக்காகத் துன்புறுத்தினால் 14567. பிள்ளைகள் மீதான பாலியல் அத்துமீறல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி, தெரிந்தவர் யாராயினும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது 21-ம் பிரிவுப்படி குற்றம். பிள்ளைகளுக்கான எண் 1098. சபையின் பெயர் கெடும் என்று இரு குடும்பத்தையும் அழைத்துப் பேசி முடிப்பவர்கள் சமாதானம் பண்ணுகிறவர்கள் அல்ல.

சாதியும் அப்படித்தான். தனி வரிசை, தனிக் கல்லறைப் பகுதி, திருவிழாவில் சப்பரம் எந்தத் தெருவுக்குள் போகாது என்பதெல்லாம் இரண்டு பேருக்கு இடையிலான மனக்கசப்பு அல்ல. அவமதிக்கப்பட்டவரையும் அவமதித்தவரையும் கைகோர்க்க வைத்துவிட்டு வழக்கத்தை அப்படியே வைத்திருந்தால், அவமதிப்புக்குச் சபையே முத்திரை குத்தியதாகும். அப்போஸ்தலர் 6-ல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் கவனிக்கப்படாமல் விடப்பட்டதாக முறையீடு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் யாரையும் கையைக் கொடுக்கச் சொல்லவில்லை. பந்தி விசாரிக்கும் பொறுப்பையே ஏழு பேரிடம் மாற்றினார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்.

சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்கு ஞாயிறு பள்ளி அறை பொருத்தமானது. கமிட்டி அறை வேண்டாம். அங்கே ஒரு தரப்புக்குப் பழகிய நாற்காலி இருக்கும். எல்லா நாற்காலியும் ஒரே மாதிரி இருக்கட்டும். எஸ்டேட் மேலாளருக்குக் கை வைத்த நாற்காலியும் லைன் வீட்டுத் தொழிலாளிக்கு பெஞ்சும் போட்டுவிட்டு ‘சரிசமமாகப் பேசுங்கள்’ என்று சொல்ல முடியாது. செல்போன்கள் அணைத்து மேசை மேல் இருக்க வேண்டும், பதிவு செய்யக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். களைத்தவர்கள் எதற்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் மறுப்பார்கள். துணைக்கு ஆளுக்கு ஒருவர் மட்டும். மைத்துனர்கள் கூட்டமாக வந்தால் வெளியே டீ கொடுத்து உட்கார வையுங்கள். பல தகராறுகளில் விறகு தள்ளுவது அந்த வெளி வட்டம்தான், அவர்களைத் தனியாக ஒருநாள் சந்திக்க வேண்டியிருக்கும்.

ஜெபத்தோடு தொடங்குங்கள், ஆனால் அரை நிமிடத்தில் முடியுங்கள். ஜெபத்துக்குள் புத்தி சொல்லக் கூடாது. “ஆண்டவரே, கடினமான இருதயத்தை உடைத்தருளும்” என்று ஜெபித்தால் அறையில் உள்ள அத்தனை பேருக்கும் அது யாருடைய இருதயம் என்று தெரிந்துவிடும். அதற்குப் பின் நடுவர் நடுவர் அல்ல.

ஆளுக்குப் பத்து நிமிடம் குறுக்கீடு இல்லாமல் பேசட்டும். பிறகு எதிரில் இருப்பவர், தான் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ளும் வரை பதில் சொல்லக் கூடாது. வேகம் பிடிக்காத இந்த ஒரு வேலையில்தான் பாதிச் சிக்கல் அவிழும். ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சாட்சி சொல்லத்தான் சொல்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுங்கள். விளக்காவிட்டால் திருப்பிச் சொல்வதையே தோல்வியாக நினைத்து முரண்டு பிடிப்பார்கள். அதன்பின் பொருள்களைப் பிரித்து எழுதுங்கள்: பணம், நிலம் ஒரு பக்கம், வார்த்தை, மரியாதை ஒரு பக்கம். சின்னதை முதலில் எடுங்கள். ஆனால் பணத்தை முடித்துவிட்டு வார்த்தையை விட்டுவிடாதீர்கள். ரூபாய் வந்து சேர்ந்தபின்னும் “என்னைத் திருடின்னு சொன்னாளே” என்பது வருஷக்கணக்கில் நிற்கும்.

மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு கைமுறை உண்டு. “உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிருங்க” என்பது மன்னிப்பல்ல, கஷ்டப்பட்டது உங்கள் குற்றம் என்று சொல்வது. ‘ஆனா’ என்ற சொல் வந்தால் அதற்கு முன் சொன்னதெல்லாம் செல்லாது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், அது எதிராளிக்கு என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், எதைத் திருப்பித் தரப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும். கேட்டதும் கிடைத்தாக வேண்டும் என்று நிற்கக் கூடாது. குற்றம் எவ்வளவு பேர் முன்னால் நடந்ததோ அவ்வளவு பேர் முன்னால்தான் மன்னிப்பும். தனியே சொன்னதற்குத் தனியே, கமிட்டியில் சொன்னதற்குக் கமிட்டியில், வாட்ஸப் குழுவில் போட்டதற்கு அதே குழுவில். ஈடு செய்வதில் வேதம் கணக்காகவே பேசுகிறது. லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அவனிடம் கர்த்தர் “பணம் எதற்கு, மனசு மாறினால் போதும்” என்று சொல்லவில்லை.

மன்னிப்பு வேறு, ஒப்புரவு வேறு, நம்பிக்கை வேறு. மன்னிப்பை ஒருவர் தனியே கொடுத்துவிடலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். நம்பிக்கைக்கு நாள் வேண்டும். யோசேப்பு தன்னை வெளிப்படுத்துமுன் சகோதரரை எத்தனை விதமாகச் சோதித்துப் பார்த்தான் என்பதை ஆதியாகமம் 42 முதல் 44 வரை படித்தால் தெரியும். பவுல் ரோமருக்கு எழுதும்போது “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்று இரண்டு எல்லைகளை வைத்துத்தான் எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்கிறார். பிரிந்து போவதும் சில இடங்களில் சமாதானமே. ஆபிரகாமும் லோத்தும் மேய்ச்சலுக்காகப் பிரிந்தார்கள். மாற்குவை அழைத்துப் போவதா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுங்கோபத்தோடு பிரிந்தார்கள். பின்னாளில் அதே மாற்குவைப் பவுல் ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று சொல்லி அழைத்துவரச் சொல்கிறார். ஒரே கிணறு, ஒரே வாசல் என்று இருக்கும் இரு பங்காளிகளுக்குத் தனித் தனி வழி ஏற்படுத்திக் கொடுத்தாலே பாதிப் பேச்சு திரும்பிவிடும்.

சொத்துத் தகராறில் சபை மூப்பர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு: கிறிஸ்தவக் குடும்பத்துக்கு எந்தச் சட்டம் என்பது தெரியாமலே பேசுவது. நம் மாவட்டத்தில் உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகன் மகள் வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமம். 90 சென்ட் காடு, மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் மனைவிக்கு 30, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 20. மனைவி இறந்தால் கணவனுக்கும் இதே கணக்குத்தான். மகளுக்குச் சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று கழித்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் இடமில்லை; 49-ம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. மகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. அதற்கு விடுதலைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தன் பங்கு இன்னதென்று தெரியாத தங்கையிடம் “அண்ணனுக்கு விட்டுக்கொடும்மா, ஆண்டவர் உனக்கு இரட்டிப்பாத் தருவார்” என்று வசனம் சொல்லிக் கையெழுத்து வாங்குவதை என்ன பெயரிட்டு அழைப்பது? முதலில் கணக்கைச் சொல்லுங்கள். பிறகு அவள் முடிவெடுக்கட்டும்.

கடன் விஷயத்தில் காலத்தைக் கவனிக்க வேண்டும். கைமாற்றுக்கும் புரோநோட்டுக்கும் வழக்குப் போட மூன்று ஆண்டுதான். “சபையில பேசிக்கிட்டிருக்கோம், கோர்ட்டுக்குப் போகாதீங்க” என்று நிறுத்திவைத்து, பேச்சு இழுத்துக்கொண்டே போய்க் கெடு தாண்டிவிட்டால், கொடுத்தவரின் உரிமையை நடுவர்களே அழித்ததாகும். ஆகவே முதல் கூட்டத்திலேயே, கெடு முடியுமுன், இவ்வளவு பாக்கி என்று கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும்.

செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தகராறுகளில் இன்னொன்று. கொடுத்தது வெள்ளி என்றால் ஒப்பந்தத்தை ரூபாயில் எழுதாதீர்கள். எத்தனை கிராம், என்ன தரம், சேதாரம் எவ்வளவு என்று எழுதுங்கள். ரூபாயில் எழுதினால், விலை ஏறினால் ஒருவருக்கும் இறங்கினால் மற்றவருக்கும் வயிறு எரிந்து அதே சண்டை திரும்ப வரும். அம்மாவின் நகையைப் பிரிக்கும் அக்கா தங்கைக்கும் இதுதான்: கல் நீக்கி நிகர எடை, பவுனில்.

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும். யார், எதை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வழியில், தவறினால் என்ன. பணம் வங்கி வழியாகவே போகட்டும். இதற்குப் பிறகு ஊரார் கேட்டால் இருவரும் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள். “பேசி முடிச்சுக்கிட்டோம், நல்லபடியா இருக்கோம்” என்பது போதும். இது இல்லாததால் குலைந்த சமாதானங்கள் நிறைய. தேவாலய வாசலில் யாரோ “என்ன, கடைசியில நீங்கதான் இறங்கி வந்தீங்களாமே” என்று கேட்பார்கள். நடுவர்கள் எடுத்த குறிப்புகளைக் கிழித்துவிடுங்கள், ஒப்பந்தம் மட்டும் இருக்கட்டும். 30 நாளில் ஒருமுறை, 90 நாளில் ஒருமுறை திரும்ப உட்காருங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பும், இரு வீட்டில் எந்த வீட்டிலாவது கல்யாணம் வந்தால் பத்திரிகை அச்சடிக்கும் முன்பும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். பெயர் வரிசையில்தான் பழைய புண் திறக்கும்.

கோர்ட்டுக்குப் போனவர்களைச் சபை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு 1 கொரிந்தியர் 6 எடுத்துக்காட்டப்படும். “அநியாயத்தை ஏன் சகித்துக்கொள்ளுகிறதில்லை?” என்று பவுல் கேட்பது உண்மை. ஆனால் அடுத்த வசனத்திலேயே “நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள்” என்று மற்றப் பக்கம் திரும்புகிறார். முதல் வசனத்தை நஷ்டப்பட்டவரிடமும் இரண்டாவதை நஷ்டப்படுத்தியவரிடமும் வாசிக்க வேண்டும். நாம் இரண்டையும் நஷ்டப்பட்டவரிடமே வாசிக்கிறோம். ஏற்கெனவே வழக்கு நடந்தால், பேசி முடித்ததை அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யலாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி அந்த முடிவுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பும். வழக்கே போடாத விஷயத்தையும் அங்கே கொண்டுபோகலாம்.

திருவிருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. தகராறில் இருப்பவரைப் பந்தியிலிருந்து நிறுத்துவதா என்று ஆயர்கள் கேட்பது வழக்கம். 1662-ம் ஆண்டு ஆங்கிலிக்கன் பொது ஜெப புத்தகத்தின் விதி, பகை உள்ள இருவரையும் ஒப்புரவாகும் வரை சேர்க்க வேண்டாம் என்கிறது. ஆனால் ஒருவர் முழுமனதோடு மன்னிக்கவும் தன் குற்றத்தை ஈடு செய்யவும் தயாராயிருந்து, மற்றவர் பிடிவாதமாயிருந்தால், தயாராயிருப்பவரைச் சேர்க்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டாம் பாதியை மறந்துவிட்டு முதல் பாதியைப் பிடித்துக்கொண்டால், ஒத்துவராதவர் கையில் மற்றவரின் திருவிருந்தையும் கொடுத்துவிடுகிறோம். யாரும் நிறுத்தாமலே தாங்களாகப் பந்திக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் யார் என்று ஆயருக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் போங்கள், பிரசங்கத்தில் குத்திக்காட்டாதீர்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. அடுத்த கூட்டத்தில் மூன்று பெயர்களைத் தீர்மானமாக எழுதுங்கள். ஒரு அறைச் சாவியை அவர்களிடம் கொடுங்கள். டீக்கும் பஸ்ஸுக்கும் ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்கள். அறிவிப்பில் “திங்கட்கிழமை மாலை 6 முதல் 8 வரை அறை திறந்திருக்கும்; யார் வருகிறார்கள் என்பது வெளியே வராது” என்று மட்டும் வாசியுங்கள். மலைச் சபைகள் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கீழே இறங்க வேண்டியவர்களுக்குக் கடைசி பஸ் தவறக் கூடாது, அதனால் 4 மணிக்குத் தொடங்குங்கள். காப்பிப் பழம் எடுக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையில் தோட்ட வேலை செய்பவர்களால் வர முடியாது. பழம் எடுப்பு முடிகிற சமயத்தில்தான் தவக்காலம் தொடங்குகிறது. ஏற்காட்டுச் சபைகள் திருநீற்றுப் புதனுக்கு அடுத்த திங்களில் ஆரம்பிக்கட்டும், சேலத்துச் சபைகள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் சில வாரங்கள் யாரும் வராமல் போகலாம். அதைக் காரணம் காட்டி அறையைப் பூட்டிவிடாதீர்கள். வராதவர்கள் தகராறு இல்லாதவர்கள் அல்ல, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். தெரிந்தெடுத்த மூவருக்கும் பயிற்சி கொடுக்க நாங்கள் வருகிறோம். இரண்டு சனிக்கிழமை போதும். கூப்பிடும்போது அந்தப் பெண் உறுப்பினரின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சமாதானப் பணியில் உள்ள சேலம், ஏற்காடு விசுவாசிகள்